நாடாவின் கடைசிப் பகுதி

முகூர்த்த நாள் என்றாலே எனக்கு ஆகாது. ஊரில் எல்லாரும் பட்டு உடுத்திப் பந்தியில் உட்காரும் நேரத்தில்தான் எங்கள் நினைவுக் கிடங்கில் வேலை தலைக்கு மேல் போகும். ஒரகடத்துக்கு அப்பால் ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே நினைவுகளைப் பதிந்து வைத்த நாலு லட்சம் காந்த நாடாக்கள், அவற்றை எடுத்து மாட்டும் இயந்திரக் கைகள், மாட்டியதைப் படிக்கும் டிரைவ்கள் இருபத்திரண்டு. இத்தனைக்கும் நடுவில் என் மேசைக்கு மேலே மட்டும் ஒரு தினசரி நாள்காட்டி தொங்கும். சுபமுகூர்த்தம் என்று அச்சிட்ட தாளைக் கண்டால் அன்றைக்கு யாருக்கும் விடுப்புத் தர மாட்டேன்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பல வருடம் பார்க்காத சொந்தக்காரர்களைப் பார்ப்பார்கள். பார்த்ததும் பெயர் வேண்டும், உறவு வேண்டும், பழைய சண்டை வேண்டும். சாதாரண மனிதர்களுக்கு அதெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். எங்கள் ஆட்களுக்கு இங்கிருந்து போக வேண்டும்.

எங்கள் ஆட்கள் என்பது முப்பத்தோராயிரம் பேர். ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்த மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்கள். உயிர் தப்பியது, நினைவு நிற்கவில்லை. காய்ச்சல் அரித்தது போக மிஞ்சியதை எடுத்து வெளியே எழுதி வைத்தோம். காதுக்குப் பின்னால் ஒரு சில்லு, வீட்டில் ஒரு பெட்டி, வெளியூர் போனால் அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மற்றதெல்லாம் கிடங்கில். என் தங்கை செண்பகவல்லிக்கும் அப்படித்தான். அவளைப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிய அன்று அம்மா என்னிடம் விளக்கம் கேட்டாள்.

"சமையல்கட்டு மாதிரிம்மா. உப்பும் புளியும் அடுப்பு மேடையில இருக்கும். எப்பவாச்சும் எடுக்குற சாமான் அலமாரியில. பெரிய அண்டா பரண்ல. காதுக்குப் பின்னால இருக்கது மேடை. வீட்டுப் பெட்டி அலமாரி. எங்க கிடங்கு பரண்."

"பரண்ல உள்ளத எடுக்கணும்னா ஏணி போடணுமேட்டி."

"போடணும். நாலு மணி நேரம் ஆகும். முகூர்த்த நாள்னா ஒம்பது."

"எது எங்க இருக்கணும்னு யாரு முடிவு பண்ணுவா?"

"யாரும் இல்லம்மா. அடிக்கடி தொட்டா மேல இருக்கும். தொண்ணூறு நாள் தொடலைன்னா தானா இறங்கிரும்."

அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு என்னுடையது. அதற்காக ஒரு மேடையில் ஏறிப் பொன்னாடை வாங்கியிருக்கிறேன். எதை எவ்வளவு அடிக்கடி தொடுகிறார்களோ அந்த அளவுக்கு அது முக்கியம் என்பதுதான் என் விதியின் சாரம். கீழிருந்து எடுக்கும்போதும் அதே வரிசைதான், முக்கியமானது முதலில். கிடங்கில் என்னோடு பணிபுரியும் ஃபெலிக்ஸ் மட்டும் ஆரம்பத்திலேயே முகம் சுளித்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர், எல்லாவற்றிலும் விபத்தையே பார்ப்பார். "தீயணைக்கிற சிலிண்டரைக்கூட நாம அடிக்கடி தொடறதில்லையே மேடம்" என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

காய்ச்சல்காரர்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாசலில் வந்து நிற்பவரை யார் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் வந்தவர் மனம் நோகும், தன் குறையும் வெளியே தெரியும். அதனால் சிரித்து, வரவேற்று, உட்கார வைத்துக் காபி கொடுத்து, பெயர் வரும் வரை வெயிலையும் மழையையும் பேசிக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களும் அதைத் தெரிந்துகொண்டு காத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான் என்று எல்லாரும் பாராட்டினோம். வந்தவர் நல்லவராக இருக்கும் வரை அது நல்ல பழக்கம்.

அன்று ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவ்வளவு முகங்களை ஒரே நேரத்தில் தாங்க முடியாது என்பதால் செண்பகா இந்த மாதிரி விசேஷங்களுக்குப் போவதில்லை. படப்பையில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தாள். பதினொன்றரைக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூற்றுச் சொச்சம் கோரிக்கைகள். அதில் முந்நூற்று எழுபதாவதாக ஒரு வரி புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. 8816, மூன்றாம் பொதி. தொட்ட தடவை: பூஜ்யம். முக்கியம்: சாதாரணம். எதிர்பார்க்கும் நேரம்: இரவு எட்டு நாற்பது.

8816 என் தங்கையின் எண். ஒவ்வொருவரின் நினைவையும், அவர்கள் வாழ்வில் வந்த ஆளுக்கு ஒன்றாகப் பொதிகளாகக் கட்டி வைப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கக் கூடாது, பார்க்கவும் முடியாது. ஆனால் மூன்றாம் பொதியில் எவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தை அவள் கண் பார்த்தாலொழிய அந்தப் பொதியை யாரும் கேட்க வழியில்லை.

இசக்கிராஜா என் தங்கையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டியில், அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் தலையை அமுக்கிப் பிடித்தவன் அவன். தாலி கட்டிய புருஷன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்ததால் பிழைத்தாள். அவனுக்குப் பத்து வருடம் தண்டனை. நன்னடத்தை என்று சொல்லி முன்னாலேயே விட்டுவிட்டார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. எங்கள் முகவரியைக் கொடுத்தது எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாதான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழ்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தாராம்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. விவாகரத்து வழக்குப் போடக்கூட விடவில்லை, கோர்ட்டில் பத்துப் பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமாம். காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. கல்யாண ஆல்பத்தை எரித்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதுபோல நாங்கள் எல்லாரும் நடந்துகொண்டோம். யாரும் பேசாததை அவள் எப்படித் தொடுவாள்? தொடாதது பரணிலேயே கிடந்தது.

அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"யாரோ வந்திருக்காகக்கா. பழகின முகமாத்தான் இருக்கு, பேருதான் இன்னும் வர மாட்டேங்கு. பட்டு வேட்டி, கையில பூ, பழமெல்லாம் வச்சிருக்காக. கல்யாணத்துக்கு வந்தவுக போல. உக்கார வச்சுக் காபி குடுத்தேன்."

"ஏட்டி, நான் சொல்றதக் கேளு. செருப்பக்கூடப் போடாத. கதவத் திறந்து வெளிய போயிரு."

"வீட்டுக்கு வந்தவுகள உக்கார வச்சிட்டு எப்படிக்கா வெளிய போக?"

அவன் யார், என்ன செய்தான் என்று மடமடவென்று சொன்னேன். பக்கத்து மேசையில் ஃபெலிக்ஸ் எழுந்து நின்றுவிட்டார். போலீஸைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினேன். செண்பகா தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அவுகளும் இப்பத்தான் சொன்னாக, புருஷன்னு. ஃபோட்டோ காட்டுனாக. நாந்தான் அதுல மாலையோட நிக்கேன். எனக்குக் கல்யாணம் ஆனதையே நீங்க யாரும் சொல்லலியேக்கா. இப்ப நீ சொல்றத மட்டும் நான் எப்படி நம்ப?"

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னவை அவளுக்கு வெறும் செய்திகள், யாரோ ஒரு பெண்ணுக்கு எங்கோ நடந்த மாதிரி. பயம் வார்த்தையில் இல்லை. தொட்டித் தண்ணீரின் குளிரிலும், பின்கழுத்தில் அழுந்திய விரல்களிலும் இருக்கிறது. அதெல்லாம் என் கட்டடத்தில், நாலாவது வரிசையின் ஒரு அறைக்குள் நாடாவாகக் கிடந்தது.

அதற்குள் அவன் போனை வாங்கிவிட்டான்.

"நல்லாருக்கியளா மதினி?" குரலில் மரியாதை குறையவே இல்லை. "ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். கீழ கார் நிக்கி. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல போலுக்கே. அது அப்படியே இருக்கட்டும் மதினி. எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஃபெலிக்ஸ் போலீஸோடு பேசி முடித்திருந்தார். ரோந்து வண்டி கிளம்பிவிட்டதாம், ஆனால் படப்பைச் சாலையில் இரண்டு மண்டபம், மாப்பிள்ளை ஊர்வலம், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதாம். எதிர்வீட்டுக்காரர்களுக்கு அடித்தேன். அவர்களும் ஏதோ ஒரு பந்தியில் இருந்தார்கள். நான் கிளம்பினாலும் நாற்பது நிமிடம். அதற்குள் அவன் அவளைக் காரில் ஏற்றியிருப்பான். பெட்டியை எடுத்துப் போக மாட்டான், அதன் அருமை தெரிந்தால் கண்டிப்பாக மாட்டான். பெட்டி இருக்கும் வீட்டை விட்டு வாசல் கேட்டைத் தாண்டினால் கிடங்கிலிருந்து அவளுக்கு எதுவும் போகாது. காதுக்குப் பின்னால் இருக்கும் மூன்று வார நினைவோடு, நாளடைவில் எங்கள் முகங்கள்கூட மங்கிப்போய், அவன் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு ஏதோ ஒரு வீட்டில் இருப்பாள். அந்த வீட்டிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும்.

அவள் வீட்டை விட்டு இறங்குவதற்குள் மூன்றாம் பொதி அவளைப் போய்ச் சேர வேண்டும். வேறு வழியில்லை.

வரிசையை மீறி ஒரு நாடாவை எடுக்க எனக்கு அதிகாரம் உண்டு, ஒரு பணி நேரத்தில் ஒரே ஒரு தடவை. ஆனால் இருபத்திரண்டு டிரைவ்களும் ஓடிக்கொண்டிருந்தன. படித்துக்கொண்டிருக்கும் நாடாவைப் பாதியில் பிடுங்கினால் அறுந்தாலும் அறுந்துவிடும். பதினேழாவது டிரைவில் மட்டும் அப்போதுதான் மாட்டியிருந்தது, இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை.

ஃபெலிக்ஸ் அந்தக் கோரிக்கையின் குறிப்பைப் படித்தார். "வாலாஜாபாத்துல ஒரு தையல்காரர் மேடம். விடியக்காலம் அவங்க அப்பா இறந்துட்டாராம். அப்பா ரொம்ப காலமா வெளியூர்ல இருந்திருக்காரு, அதனால எல்லாம் கீழ இறங்கிப் போச்சு. நாலு மணிக்கு எடுக்கிறாங்க. அதுக்குள்ள அப்பா ஞாபகம் வரணும், அழணும்னு எழுதிருக்காரு."

"இப்பப் பிடுங்கினா?"

"வரிசையில கடைசிக்குப் போயிரும். உங்க விதிதானே. ராத்திரி ஒம்பதுக்குத்தான் கிடைக்கும். ஆனா நீங்க பிடுங்குங்க மேடம், நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

நான் உடனே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. ஃபெலிக்ஸ் நான் அந்தத் தையல்காரருக்காகத் தயங்குகிறேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டு, பாவம் எல்லாம் தன்மேல் இருக்கட்டும் என்றார். நல்ல மனிதர். தையல்காரரை நான் நினைக்கவே இல்லை.

தொட்டிச் சம்பவத்துக்கு முந்தின நாள் செண்பகா குளியலறைக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். இவனோடு இருக்க முடியாது, காலை ரயிலில் உன்னிடம் வந்துவிடுகிறேன், யாருக்கும் சொல்லாதே என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்ததும் அவனைக் கூப்பிட்டேன். படித்த மனுஷி, நாலு வார்த்தை பேசினால் சமாதானம் ஆகிவிடும் என்ற நினைப்பு. "அவ கோவத்துல ரயிலேறப் போறா, நீங்களே நல்லபடியாப் பேசி நிறுத்துங்க" என்றேன். அவன் நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் மட்டும் சொன்னார், அமுக்கும்போது அவள் காதில் அதைச் சொல்லியே அமுக்கினானாம். உங்க அக்காதாண்டி சொன்னா.

அதற்குப் பிறகு மூன்று வருடம் செண்பகா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடமும் காரணம் சொல்லவில்லை. ஒரே வீட்டில், நான் நுழையும் அறையை விட்டு வெளியேறிக்கொண்டே இருந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. அவள் பொதிகளை அடுக்கும் வேலை என் கைக்கே வந்தது. மூன்றாம் பொதியை நான் தொண்ணூறு நாள் காத்திருக்க விடவில்லை. அவள் கண் விழிப்பதற்கு முன்பே என் கையாலேயே நேராக நாடாவுக்கு இறக்கிவிட்டேன். பாவம், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கண் விழித்து என்னைப் பார்த்து "அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

அவன் சொன்னது சரிதான். அது அப்படியே இருந்தால் அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இரண்டு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணினியில் நேரம் பதிவாகியிருக்கிறது, மறைக்க முடியாது. பிறகு அழுத்தினேன்.

இயந்திரக் கை தையல்காரரின் அப்பாவை வெளியே எடுத்து வைத்தது. நாலாவது வரிசைக்குப் போயிற்று. மூன்றாம் பொதியை மாட்டியது. பதினான்கு பகுதிகள், படித்து முடிக்கப் பத்தொன்பது நிமிடம்.

"கடைசிப் பகுதிய மட்டும் முதல்ல எடுக்க முடியாதா?" என்று நானே கேட்டேன், எனக்கே பதில் தெரிந்திருந்தும்.

"நாடா மேடம். எழுதின வரிசையிலதான் படிக்கும்" என்றார் ஃபெலிக்ஸ்.

அவர் சொன்ன பிறகுதான் அது எனக்கு முழுதாக உறைத்தது. திரையில் ஒவ்வொரு பகுதிக்கும் தேதி மட்டும் தெரியும். முதல் பகுதி கல்யாணத் தேதி. இரண்டாவது அதற்கு அடுத்த வாரம். மூன்றாவது குற்றாலத்துக்குப் போன ஆடி மாதம். ஆரம்பத்தில் அவன் நல்லவனாகத்தான் இருந்தான், நாங்கள் எல்லாரும் மெச்சினோம். பதினான்காவது பகுதி மட்டும்தான் தொட்டி நாள். இடையில் தொடர்பு அறுந்தால், தெரியாத ஒருவனோடு போவதற்குப் பதிலாகப் பிரியமான புருஷனோடு போவாள். நான் அவளுக்கு விஷத்தை முதலில் அனுப்பிவிட்டு மருந்தைப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பகுதி போய்ச் சேர்ந்தபோது செண்பகாவே என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு கூச்சம் இருந்தது. அவளை அப்படிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று.

"ஞாபகம் வந்துட்டுக்கா. குத்தாலத்துல எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, ராத்திரி பூரா முழிச்சிருந்து கஞ்சி வச்சுக் குடுத்தாக. எவ்வளவு நல்ல மனுசன். ஏன்க்கா எங்களப் பிரிச்சு வச்சிய?"

பின்னால் அவன் ஏதோ சொன்னான். கிளம்பலாம் என்றுதான் சொல்லியிருப்பான். இப்போது அவனைத் திட்டினால் உடனே செருப்பை மாட்டிவிடுவாள் என்று தெரிந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று நானே பிறகுதான் உணர்ந்தேன்.

"தப்புதாட்டி. நாங்க செஞ்சது பெரிய தப்பு. போறதுன்னா போ. ஆனா இத்தன வருசம் கழிச்சு வந்த மனுசன வெறும் காபியோடவா கூட்டிட்டுப் போவ? ஒரு வாய் சோறு போட்டுட்டுப் போ."

அவள் யோசித்தாள். "ஆமா, பசியோட இருப்பாக" என்றாள். அவனிடம் சொல்வதும் கேட்டது. அவன் வேண்டாம் என்றான், நேரமாகிறது என்றான். அவள் செல்லமாக அதட்டினாள். அந்த அதட்டலை நான் அனுப்பிய நாலாம் பகுதியும் ஐந்தாம் பகுதியும்தான் செய்தன. பிரியம் வந்த பெண் சாப்பிட வைக்காமல் விடமாட்டாள் என்பதை மட்டும் நம்பி நான் என் தங்கையின் உயிரை வைத்திருந்தேன்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபெலிக்ஸ் போனில் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு. எட்டு. எட்டிலிருந்து தேதிகள் நெருக்கமாகின்றன என்றார். எனக்கு அது ஏன் என்று தெரியும், அடி விழத் தொடங்கிய காலம் அது. ஒன்பது. ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை கழுத்தில் ஆளுயர மாலையோடு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார், நான் ஹாரனை விடாமல் அடித்தேன். பதினொன்று. பன்னிரண்டு. தொடர்பு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்றார். பதிமூன்று.

பதினான்கு போய்ச் சேர்ந்தது என்று அவர் சொன்னார். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்த அந்த நொடியில் அவன் அவளுக்கு எதிரே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் கத்திவிட்டால்? கையிலிருக்கும் பாத்திரத்தைப் போட்டுவிட்டால்? முகம் மாறினாலே போதும், அவன் கண்டுபிடித்துவிடுவான். இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது. எட்டு கிலோமீட்டரும் நான் அழுதுகொண்டே ஓட்டினேன்.

நடந்தது என்னவென்று, அவனிடம் விசாரித்ததை வைத்துப் பிறகு போலீஸ்காரர் சொன்னார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்திருக்கிறாள். தயிர் தீர்ந்துவிட்டது, தயிர் இல்லாமல் சாப்பாடு எப்படி இறங்கும், கீழே கடையில் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க என்றிருக்கிறாள், சிரித்துக்கொண்டே. அவனும் எழுந்து போயிருக்கிறான். பெண்டாட்டி தயிர் வாங்கி வரச் சொன்ன சந்தோஷம் அவன் முகத்திலேயே தெரிந்ததாம். தயிர் பாக்கெட்டும் கையுமாகக் கேட்டருகில் வந்தவனை ரோந்து வண்டி பிடித்துக்கொண்டது. அவன் எந்தச் சண்டையும் போடவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்திருக்கிறேன், வீட்டில் தேடுவாள் என்று மட்டும் சொன்னானாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. ஒரு பெண் காவலர் மட்டும் இரண்டாம் மாடியில் எங்கள் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு சொல்லியும் திறக்க மாட்டேன் என்கிறார், நீங்கள் சொந்தம்தானே, நீங்கள் கூப்பிட்டால் திறப்பார் என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

கதவைத் தட்டினேன். "செண்பகா, நாந்தாட்டி. அவன் போயிட்டான். கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதவத் திற."

உள்ளே தரையில் கால் உரசும் சத்தம். கதவுக்கு மறுபக்கம் வந்து நின்றாள். மூச்சு வாங்குவது கேட்டது, தண்ணீருக்குள்ளிருந்து இப்போதுதான் தலையை வெளியே எடுத்தவள் மாதிரி. தாழ்ப்பாளில் அவள் கை பட்டது. பாதி இழுத்தாள். நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. "இதெல்லாம் இத்தன வருசம் எனக்கு இல்லாமப் போச்சே. காய்ச்சல்ல போயிருந்துச்சா? யாரும் பேசாததால தானா இறங்கிருச்சா? இல்ல, யாராச்சும் எடுத்து வச்சியளா?"

தானாக இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். தொண்ணூறு நாள் விதி ஊருக்கே தெரியும், யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்ன அதே சமையல்கட்டுக் கதையைச் சொல்லி முடித்திருக்கலாம். பெண் காவலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"நாந்தான் எடுத்து வச்சேன்" என்றேன். "நீ முழிக்கிறதுக்கு முன்னாலயே."

பாதி இழுத்த தாழ்ப்பாளை அவள் திரும்பத் தள்ளுவது கேட்டது. கதவின் மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் உண்டு. துருப்பிடித்துக் கிடந்ததால் நாங்கள் யாரும் அதைப் போடுவதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதையும் அடித்து அடித்துப் போட்டாள்.